ட்ராப் பழக சைட் பை சைடா, ஓவர் அண்டரா?

கேள்வி இதுதான்: "வீட்டில் தாத்தா வைத்திருந்த 12 போர் ரெட்டைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. சைட் பை சைட். உரிமம் இப்போது என் பெயருக்கு வந்துவிட்டது. ட்ராப் கற்றுக்கொள்ளப் போகிறேன். இதிலேயே பழகலாமா, ஓவர் அண்டர் வாங்க வேண்டுமா? இரண்டிலும் இரண்டு குழல்தானே, அப்படி என்ன வித்தியாசம்?"

ட்ராப் என்பது எந்திரம் வீசும் தட்டைப் பறக்கும்போதே சுடும் போட்டி. சைட் பை சைடில் இரண்டு குழலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், ஓவர் அண்டரில் ஒன்றின்மேல் ஒன்று. ட்ராப்புக்கு ஓவர் அண்டர்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தாத்தாவின் துப்பாக்கியை விற்கவும் வேண்டாம். ஆனால் அதன் தோட்டா அறை எத்தனை மில்லிமீட்டர் என்று தெரியாமல், இன்று கடையில் கிடைக்கும் 70 மிமீ தோட்டாவை அதில் போட்டுவிடாதீர்கள். எதை வாங்குவது என்பதைவிட இது அவசரம். அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தோட்டாப் பெட்டியில் 70 மிமீ என்று எழுதியிருக்கிறதே, அது சுட்ட பிறகு வாய் விரிந்து நிற்கும் கூட்டின் நீளம். சுடாத தோட்டாவின் வாய் நட்சத்திரம்போல் உள்ளே மடங்கியிருக்கும். அப்போது அதன் நீளம் 60 மிமீக்கும் கீழே. பழைய சைட் பை சைட் பலவற்றில் அறை 65 மிமீ, அதாவது 2½ அங்குலம். அந்த அறைக்குள் 70 மிமீ தோட்டா வழுக்கிக்கொண்டு போய் அழகாக உட்காரும். துப்பாக்கியும் தடையில்லாமல் மூடும். எந்த இடத்திலும் 'பொருந்தவில்லை' என்று அது உங்களுக்குச் சொல்லாது. வெடிக்கும்போதுதான் மடிப்பு விரிய இடம் தேடும். அறை முடிந்து குழல் குறுகும் கூம்புப் பகுதிக்குள் போய் அது விரியும். ரவையும் அதற்குப் பின்னால் இருக்கும் அடைப்பான வேடும் கடக்க வேண்டிய வழி அங்கே நெரிந்துவிடும், அழுத்தம் ஏறும். முதல் தோட்டாவிலேயே குழல் வெடித்துவிடும் என்று சொல்லவில்லை. பெரும்பாலும் ஒன்றும் நடக்காததுபோல்தான் இருக்கும். அதனால்தான் பலர் தொடர்ந்து சுடுகிறார்கள். நூறு, இருநூறு சுட்ட பிறகு கீல் தளர்ந்து போகும், தோளில் வைக்கும் மரக்கட்டையின் கழுத்தில் விரிசல் விழும். குழல் ஏற்கெனவே மெலிந்திருந்தால் அதைவிட மோசமாகவும் ஆகலாம்.

அளவை எங்கே பார்ப்பது? குழலுக்கு அடியில் முன்கை பிடிக்கும் மரமான முன்கட்டையைக் கழற்றி, குழல்களைத் தனியே எடுத்துத் திருப்புங்கள். அடிப்பக்கத்தில் தட்டையாக இருக்கும் பகுதியில் சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கும். 2½ அல்லது 65 என்றிருந்தால் குட்டை அறை. 2¾ அல்லது 70 என்றிருந்தால் இன்றைய அளவு. நைட்ரோ முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். புகையில்லா மருந்துக்குச் சோதிக்கப்பட்ட குழல் என்பதற்கு அதுதான் சான்று. மிகப் பழைய துப்பாக்கிகளில் அறையின் நீளம் குறிக்கப்பட்டிருக்காது. அப்படியானால் துப்பாக்கிப் பணிமனையில் கேஜ் விட்டு அளக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. ஏற்கெனவே சுட்ட கூடுகள் வீட்டில் கிடந்தால் வாயைப் பாருங்கள். விளிம்பு நைந்து, கிழிந்து, இழுபட்டதுபோல் இருந்தால் அறை குட்டை என்று சந்தேகப்படலாம்.

முன்கட்டைக்கு அடியில், வெளியே தெரியாத இடத்தில், குழலின் மேல் அலை அலையாகவோ சுருள் சுருளாகவோ கோலம் தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழல். இரும்பையும் எஃகையும் பட்டையாக முறுக்கி, சுற்றி, அடித்து ஒட்டவைத்த குழல். கரிமருந்துக் காலத்து வேலை. ஒட்டின இடங்களுக்கு நடுவே உள்ளே துரு பிடித்திருந்தால் வெளியிலிருந்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பாருங்கள். சுட வேண்டாம்.

இன்னும் மூன்று சோதனைகளை நீங்களே செய்யலாம். முதலில், துப்பாக்கி காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துவிட்டு, முன்கட்டையை மட்டும் கழற்றி, மூடிய நிலையில் குழல்களைப் பிடித்துக் கட்டையை மெதுவாக ஆட்டுங்கள். 'டக் டக்' என்று ஆட்டம் தெரிந்தால் கீல் தேய்ந்து, குழலின் பின்முகம் ஆக்‌ஷனின் (குழல் வந்து பூட்டிக்கொள்ளும் உலோகப் பெட்டி) முகத்தைவிட்டு விலகியிருக்கிறது. இரண்டாவது, மேலே உள்ள லீவர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். புதுத் துப்பாக்கியில் மூடிய பிறகு நடுக்கோட்டுக்குச் சற்று வலப்பக்கம் நிற்கும். தேயத் தேய நடுவுக்கு வரும். நடுவைத் தாண்டி இடப்பக்கம் போயிருந்தால் பூட்டு தேய்ந்துவிட்டது. மூன்றாவது, குழல்களைத் தனியே எடுத்து, கீழே உள்ள கொக்கியில் ஒரு விரலை மாட்டித் தொங்கவிட்டு, நகத்தால் தட்டுங்கள். கோயில் மணிபோல நீண்டு ஒலித்தால் ரிப் உறுதி. செத்த ஒலி கேட்டால் இரு குழலையும் இணைக்கும் ரிப்பில் எங்கோ ஈயப் பற்று விட்டிருக்கிறது. அந்த இடைவெளியில் ஈரம் புகுந்து உள்ளேயே துருப்பிடிக்கும்.

குழல் சுவரின் தடிப்பு மட்டும் வீட்டில் அளக்க முடியாது. மிக மெலிந்த இடத்திலும் 0.5 மிமீக்குக் குறையக் கூடாது என்பது துப்பாக்கி பழுதுபார்ப்பவர்கள் பொதுவாக வைத்திருக்கும் எல்லை. "அறையை 70க்கு நீட்டித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். அழுத்தம் உச்சமாக இருக்கும் இடத்தில் உலோகத்தைச் சுரண்டி எடுக்கும் வேலை அது. அதற்குப் பிறகு மறுபடி புரூஃப் சோதனைக்கு, அதாவது அழுத்தம் கூடிய தோட்டாவைச் சுட்டுக் குழலின் உறுதியைப் பார்க்கும் சோதனைக்கு, போகாத துப்பாக்கியை நம்ப முடியாது.

சரி, துப்பாக்கி எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டது என்றே வைப்போம். அப்படியும் ட்ராப்புக்கு அதை ஏன் வேண்டாம் என்கிறேன்?

சைட் பை சைட், நடந்துபோகும் வேட்டைக்காரனுக்காக வளர்ந்த கருவி. இன்று நாம் காணும் வடிவம் பிரிட்டனில் 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில் முதிர்ந்தது. பாக்ஸ்லாக் என்ற ஆக்‌ஷனை ஆன்சனும் டீலியும் 1875இல் கொண்டுவந்தார்கள். நாள் முழுக்கக் கையில் தூக்கித் திரிய வேண்டும், சட்டென்று எழும் பறவைக்குச் சட்டென்று தோளுக்கு வர வேண்டும். அதனால் எடை 3 கிலோவை ஒட்டியே நிற்கும். முன்கட்டை ஒரு சீவல் அளவு. கழுத்து நேராக, இரண்டு விசைக்கும் (ட்ரிக்கர்) கை எளிதாக நகரும்படி இருக்கும். ஒரு நாளில் சில டஜன் தோட்டா சுட்டால் அதிகம்.

ஓவர் அண்டரும் புதிதல்ல. லண்டனில் பாஸ் நிறுவனம் 1909லேயே செய்தது. பரவலாக்கியது ஜான் பிரௌனிங் வடிவமைத்த சூப்பர்போஸ்ட். அவர் 1926இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் இறந்துபோக, மகன் வால் வேலையை முடித்தார். 1931இல் விற்பனைக்கு வந்தது. இத்தாலியின் பெராஸி நிறுவனம் 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கையொட்டி எம்எக்ஸ்8 என்ற ட்ராப் துப்பாக்கியைக் கொண்டுவந்தது. கழற்றி மாட்டக்கூடிய விசைத் தொகுதி அதன் பெரிய பலம். அதன்பிறகு உலக ட்ராப் மைதானங்களில் சைட் பை சைடுக்கு இடம் இல்லாமல் போயிற்று. ஏதென்ஸ் 2004இல் டபுள் ட்ராப் வெள்ளி வாங்கிய ராஜ்யவர்தன் சிங் ராத்தோர், 2006இல் ட்ராப் உலக சாம்பியனான மானவ்ஜித் சிங் சந்து, பாரிஸ் 2024 வரை போன நம்மூர் பிருத்விராஜ் தொண்டைமான் என்று யாரை எடுத்தாலும் கையில் இருந்தது ஓவர் அண்டர்தான்.

ட்ராப் என்ன கேட்கிறது என்று பார்த்தால் காரணம் புரியும். உங்களுக்கு 15 மீட்டர் முன்னால் குழிக்குள் 15 எந்திரங்கள், மும்மூன்றாக ஐந்து நிலைகளுக்கு. குரல் கொடுத்ததும் அந்த மூன்றில் ஏதோ ஒன்றிலிருந்து தட்டு கிளம்பும். 110 மிமீ அகலம், 105 கிராம் எடை, இடமோ வலமோ 45 பாகை வரை விலகி, சுமார் 76 மீட்டர் தூரத்துக்கு உங்களைவிட்டு ஓடும். ஒரு தட்டுக்கு இரண்டு தோட்டா. ஒரு ரவுண்டு 25 தட்டு. தகுதிச் சுற்று 125 தட்டு. தோட்டாவில் 24 கிராம் ரவைக்கு மேல் இருக்கக் கூடாது. ஏழரை நம்பர் ரவையென்றால் அது ஏறத்தாழ 300 மணி.

இதில் சைட் பை சைட் முதலில் தோற்பது பார்வையில். கட்டையில் கன்னத்தை வைத்து நோக்கும்போது அதன் இரு குழலும் சேர்ந்து பின்முனையில் சுமார் 2 அங்குல அகலம் இருக்கும். ஓவர் அண்டரில் ஒரே குழலின் மேல் ஒடுங்கிய ஒரு பட்டை, அதையும் ரிப் என்றுதான் சொல்வோம். கிளம்பிய தட்டின் கோணத்தைக் கணநேரத்தில் படிக்க வேண்டிய இடத்தில், ஒடுங்கிய கோடு கையோடு சேர்ந்து நகர்வதுபோல அகலமான மேடை நகராது. மேலேறிப் போகும் தட்டுக்கு அடியில் அந்த அகலம் திரைபோல மறைக்கவும் செய்யும்.

அடுத்தது உதை. ஓவர் அண்டரில் வழக்கமாகக் கீழ்க்குழல்தான் முதலில் வெடிக்கும். அது தோளுக்கு நேர்க்கோட்டுக்கு அருகில் இருப்பதால் உதை நேரே பின்னால் வரும், குழல்முனை அதிகம் துள்ளாது, இரண்டாம் தோட்டாவுக்குத் தட்டு கண்ணைவிட்டு நழுவாது. சைட் பை சைடில் ஒவ்வொரு குழலும் நடுக்கோட்டிலிருந்து சுமார் அரை அங்குலம் விலகியிருக்கிறது. வலக்குழல் வெடித்தால் முனை வலப்பக்கம் தள்ளும், இடக்குழல் என்றால் இடப்பக்கம். வயலில் ஒன்றிரண்டு தோட்டாவுக்கு அதை யாரும் கவனிப்பதில்லை. நூறு தட்டு சுடும்போது அது தோளிலும் கன்னத்திலும் ஏறி உட்காரும். நாலாவது ரவுண்டில் உங்களை அறியாமல் விசைக்கு முன்பே கண்சிமிட்டத் தொடங்குவீர்கள்.

எடையும் இதோடு சேர்ந்தது. அதே தோட்டாவுக்கு உதையின் ஆற்றல் துப்பாக்கி எடைக்கு நேர் எதிர்விகிதம். 3 கிலோ துப்பாக்கியில் இருப்பதைவிட 3.75 கிலோ துப்பாக்கியில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். ட்ராப் ஓவர் அண்டர்கள் 3.6 முதல் 4 கிலோ வரை இருப்பது தற்செயல் அல்ல. தூக்கித் திரியும்போது பாரமாகத் தோன்றும் அதே எடைதான், வீசும்போது பாதியில் நின்றுபோகாமல் கையை இழுத்துக்கொண்டு போகும். புதியவர்களின் பெரிய குறையே விசை அழுத்தும் கணத்தில் குழலை நிறுத்திவிடுவது. முனை கனமான துப்பாக்கி அந்தக் குறையைப் பாதி மறைத்துக்கொடுக்கும்.

பிறகு சூடு. நம்மூர் வெயிலில் 25 தட்டுக்கு 35, 40 தோட்டா தொடர்ந்து சுட்டால் குழலைத் தொட முடியாது. சைட் பை சைடின் சீவல் முன்கட்டை கையை முழுக்க மறைக்காது. விரல் குழலிலேயே படும். குழலில் மாட்டும் தோல் உறை ஒன்று உண்டு, கையுறையும் போடலாம். ஓவர் அண்டரின் முன்கட்டை கை நிறைய இருக்கும், அந்தத் தொல்லையே இல்லை.

விசையில்தான் சைட் பை சைடுக்கு உண்மையான மேன்மை இருக்கிறது. முன் விசை வலக்குழல், பின் விசை இடக்குழல். வலத்தில் அகன்ற சோக் (குழல்முனையின் குறுக்கம்), இடத்தில் இறுகிய சோக். பறவை தூரத்தில் எழுந்தால் நேரே பின் விசையை இழுத்தால் போதும், யோசிக்கவே வேண்டாம். ஒன்று பழுதானாலும் மற்றது வேலை செய்யும். இரண்டும் தனித்தனிப் பூட்டு, அதாவது தனித்தனிச் சுடும் பொறி; ஏறக்குறைய இரண்டு துப்பாக்கி. ட்ராப்பிலோ வரிசை எப்போதும் ஒன்றே: முதலில் அருகில், பிறகு தூரத்தில். தேர்வுக்கு இடமே இல்லை. விரலை ஒரு விசையிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் நேரத்தில் தட்டு இன்னும் பல மீட்டர் ஓடியிருக்கும்.

ஒற்றை விசையில் இரண்டு வகை உண்டு. கடையில் கேட்டே ஆக வேண்டிய கேள்வி இது. முதல் தோட்டாவின் உதையால் இரண்டாம் பூட்டுக்கு மாறுவது ஒரு வகை. முதல் தோட்டா வெடிக்காமல் போனால் உதை இல்லை, அதனால் இரண்டாம் குழலும் சுடாது. எந்திர முறையில் மாறுவது மற்றொன்று; உதை இருந்தாலும் இல்லாவிட்டாலும் விசையை மறுபடி இழுத்தால் சுடும். போட்டிக்கு இரண்டும் பழக்கத்தில் இருக்கின்றன. தோட்டா வெடிக்காவிட்டால் முனையைத் தட்டு பறக்கும் திசையிலேயே வைத்திருங்கள். பயிற்சியானால் குறைந்தது 30 விநாடி பொறுத்துத் திறங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டா அபூர்வம், ஆனால் உண்டு. போட்டியானால் நீங்களே திறக்கக் கூடாது, பாதுகாப்புப் பொத்தானையும் தொடக் கூடாது. நடுவர் வந்து பார்க்கும்முன் திறந்துவிட்டால் துப்பாக்கிக் கோளாறு என்று முறையிடும் உரிமை போய்விடும்.

இன்னொரு வேறுபாட்டை வாங்கும்போது யாரும் சொல்வதில்லை. வாங்கிய பிறகுதான் தெரியும். ஓவர் அண்டரில் கட்டை, ஆக்‌ஷனோடு ஒரு நீளமான போல்ட்டால் பின்னாலிருந்து இறுக்கப்பட்டிருக்கும். தோளில் படும் பின்தட்டைக் கழற்றி, நீளமான திருப்புளி ஒன்றை விட்டால் கட்டை கையில் வந்துவிடும். வேறு அளவுக் கட்டை மாட்டலாம், கன்னப் பகுதியை ஏற்றி இறக்கும் அமைப்பு வைக்கலாம். சைட் பை சைடில் மேலும் கீழும் உள்ள மெல்லிய உலோக வால்கள் வழியாகத் திருகுகள் போகும். மரமும் உலோகமும் மயிரிழைப் பொருத்தம். அதில் கைவைக்கத் தேர்ந்த கைவினைஞர் வேண்டும்.

கட்டைப் பொருத்தம் இருக்கிறதே, அதுதான் இந்தக் கேள்வியிலேயே கனமான பகுதி. சைட் பை சைடா ஓவர் அண்டரா என்று மாதக்கணக்கில் விவாதிப்பவர்கள் பலர், கடைசியில் தமக்குப் பொருந்தாத கட்டையோடு வீட்டுக்கு வருகிறார்கள். ரவை சுடும் ஷாட்கன்னில் பின்குறி கிடையாது. உங்கள் கண்தான் பின்குறி. அந்தக் கண்ணை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உட்காரவைப்பது கட்டை. கணக்கு எளிது: கண்ணிலிருந்து குழல்முனைக்குச் சுமார் 36 அங்குலம். 16 கஜம் என்பது 576 அங்குலம், அதாவது 16 மடங்கு. ஆகவே கண் 1/16 அங்குலம் உயர்ந்தால் 16 கஜத்தில் ரவை 1 அங்குலம் உயரும். ட்ராப்பில் தட்டை உடைக்கும் 32 கஜ தூரத்தில் அது 2 அங்குலம். கன்னம் படும் விளிம்பு கால் அங்குலம் தாழ்ந்திருந்தால் உங்கள் ரவைக்கூட்டத்தின் நடு 8 அங்குலம் கீழே போகிறது. மேலேறும் தட்டுக்கு அடியில், முழுசாக. எத்தனை ஆயிரம் தோட்டா செலவழித்தாலும் இதைப் பயிற்சியால் சரிசெய்ய முடியாது.

பார்க்கும் முறை: 16 கஜத்தில் ஒரு பெரிய தாளை மாட்டி நடுவில் ஒரு கருப்புப் புள்ளி வையுங்கள். குறிபார்க்க முயலாமல், கண் புள்ளியில் நிற்க, துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றிய உடனே சுடுங்கள். ஐந்து தோட்டாவை ஒரே தாளில் சுட்டு, கூட்டத்தின் நடு எங்கே விழுந்தது என்று அளங்கள். ஒரு தோட்டாவை வைத்து முடிவு செய்யக் கூடாது. ட்ராப் துப்பாக்கி புள்ளிக்கு மேலே சுட வேண்டும். 60 முதல் 70 விழுக்காடு ரவை மேலே, மீதி கீழே. அப்போதுதான் தட்டைக் குழலுக்கு மேல் கண்ணில் வைத்துக்கொண்டே உடைக்க முடியும். தாத்தாவின் துப்பாக்கி பெரும்பாலும் அப்படிச் சுடாது. அதன் கட்டை அந்தக் காலப் பழக்கப்படி நன்றாகத் தாழ்ந்து வளைந்திருக்கும்; அவர் தலையை நிமிர்த்தி வைத்துச் சுட்டிருப்பார்.

கட்டையின் நீளம், விசையிலிருந்து பின்தட்டு வரை, நடுத்தர உயரமுள்ள ஆணுக்கு 14¼, 14½ அங்குலம் சுற்றிவரும். விற்பனைக்கு வரும் இத்தாலியத் துப்பாக்கிகளின் அளவு அந்த ஊர் உடம்புக்கு. ஐந்தரை அடிக்குக் கீழ் உள்ளவர்களுக்கு நீளமாகத் தெரியலாம். நீளம் கூடினால் கட்டை கக்கத்தில் சிக்கும், குட்டையானால் கட்டைவிரல் மூக்கில் இடிக்கும். வலக்கைக்காரருக்கு இடக்கண் ஆதிக்கம் இருக்கிறதா என்றும் முதலிலேயே பாருங்கள். இரு கண்ணும் திறந்து தூரப் பொருள் ஒன்றை விரலால் காட்டுங்கள், பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது விரல் நகராமல் நிற்கிறதோ அதுதான் ஆளும் கண். அது இடக்கண் என்றால் எந்த வகைத் துப்பாக்கியும் உங்களைக் காப்பாற்றாது. இடத்தோளுக்கு மாறுவதோ, கண்ணாடியின் இடப்பக்கத்தில் சிறிய ஒளிபுகாத் துண்டு ஒட்டுவதோதான் வழி.

சோக் விஷயம் சுருக்கமாக. குழல்முனையின் கடைசிச் சில அங்குலத்தில் விட்டம் எவ்வளவு குறுகுகிறது என்பதே சோக். 12 போரில் 0.25 மிமீ குறுகினால் கால் சோக், 0.5 என்றால் அரை, 0.9 முதல் 1 மிமீ என்றால் முழு. 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் விழும் ரவை முழு சோக்கில் சுமார் 70 விழுக்காடு, அரையில் 60, கால் சோக்கில் 55. ட்ராப்புக்குக் கீழ்க்குழலில் முக்கால், மேல்குழலில் முழு. கழற்றி மாட்டும் சோக்குகளில் விளிம்பில் வெட்டுக்குறி இருக்கும்: ஒரு வெட்டு முழு, இரண்டு முக்கால், மூன்று அரை, நான்கு கால். ஒவ்வொரு ரவுண்டுக்குப் பிறகும், துப்பாக்கியைத் திறந்து காலியென்று பார்த்துவிட்டு, சோக்கைச் சாவியால் தொட்டுப் பாருங்கள். தளர்ந்த சோக்கின் பின்விளிம்புக்குள் ரவையும் வாயுவும் புகுந்து குழல்முனையையே வீங்கவைக்கும். அது பழுதுபார்க்க முடியாத சேதம்.

இந்தச் சந்தர்ப்பத்தில் ஒரு எச்சரிக்கை. பழைய துப்பாக்கியின் குழல்முனையை இரண்டு அங்குலம் வெட்டினால் வீசக் கைக்கு அடங்கும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். வெட்டினால் சோக் முழுதும் போகும். சைட் பை சைடில் முனையில் ஒட்டிநின்ற குழல்களுக்கு நடுவே ஓட்டை திறக்கும், ரிப்புக்குள் ஈரம் இறங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, உரிமம் இல்லாமல் குழலைக் குட்டையாக்குவது ஆயுதச் சட்டம் 1959இன் 6ஆம் பிரிவுப்படி குற்றம்.

சட்டம் பற்றி இன்னும் ஒன்று, உங்கள் முடிவைத் தொடுவது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. வாரிசாக வந்ததும் இந்தக் கணக்கில் சேரும். தாத்தாவுடையது ஒன்று, புதியது ஒன்று என்றால் உங்கள் எண்ணிக்கை நிறைந்துவிடும். போட்டி வீரர்களுக்குத் தனி விதிகள் உண்டு என்றாலும் தொடக்கத்தில் அவை உங்களுக்குப் பொருந்தாது. அதனால்தான் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பதில் இவ்வளவு கவனம் வேண்டும் என்கிறேன். அவசரத்தில் வாங்கிப் பிறகு மாற்றிக்கொள்வது இங்கே எளிதல்ல.

சைட் பை சைடை எங்கே பரிந்துரைப்பேன்? தோட்டக் காவலுக்கு. மேட்டிலும் வரப்பிலும் நடக்க வேண்டியவருக்கு, எப்போதாவது ஒரு தோட்டா சுடுபவருக்கு, எளிமையாகத் திறந்து நிரப்ப வேண்டியவருக்கு. சைட் பை சைடின் குழல் சிறிது தாழ்ந்தாலே இரண்டு அறையும் திறந்துகொள்ளும். ஓவர் அண்டரில் கீழறை வெளியே தெரிய வேண்டுமானால் நன்றாகத் தாழ வேண்டும். முங்கேரிலும் ஜம்முவிலும் உரிமம் பெற்ற பட்டறைகள் செய்யும் எளிய ரெட்டைக்குழல்கள் இந்த வேலைக்குப் போதும். பறவை வேட்டையில்தான் அந்த வடிவம் முழு அழகோடு வேலை செய்யும். அதற்கு இங்கே இடமில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்து வேட்டையைக் கட்டுப்படுத்தியது, 1991 திருத்தத்தோடு வேட்டை முடிந்தது. பிரிட்டனிலும் ஸ்பெயினிலும் இன்றும் அதை அதன் சொந்த வேலையில் பார்க்கலாம். ஐரோப்பாவில் இருக்கும் வாசகர் பழைய சைட் பை சைட் வாங்கினால், ஈயத்துக்குப் பதில் எஃகு ரவை சுட வேண்டிய இடங்களில் அது உதவாது. மெல்லிய பழைய குழலும் இறுகிய சோக்கும் எஃகைத் தாங்காது.

நீங்கள் ஓவர் அண்டர் பார்க்கப் போகும்போது குழல் 30 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரமானவர் 32 எடுக்கலாம், 28 ஸ்கீட் என்ற இன்னொரு தட்டுப் போட்டிக்கு. பாதுகாப்புப் பொத்தான், துப்பாக்கியைத் திறக்கும்போது தானே பூட்டிக்கொள்வதாக இருக்கக் கூடாது. வயல் துப்பாக்கியில் அது வரம், ட்ராப்பில் குரல் கொடுத்துவிட்டு விசை அசையாமல் நிற்பீர்கள். பழையது வாங்கினால் மேலே சொன்ன ஆட்டச் சோதனையும் லீவர் சோதனையும் அப்படியே பொருந்தும். கீலின் அமைப்பையும் கேளுங்கள். பிரௌனிங் வழியில் முழு அகலத்துக்கும் ஓடும் ஒரே ஊசி, அதனால் ஆக்‌ஷன் ஆழம். பெரெட்டா, பெராஸி வழியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குட்டை முளைகள், ஆக்‌ஷன் தணிவு, முளை தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். இரண்டும் லட்சம் தோட்டா தாங்கியிருக்கின்றன. தாங்காமல் போனதெல்லாம் பெரும்பாலும் கீலில் கிரீஸ் இல்லாமல் சுடப்பட்டவை.

கிரீஸ் என்றால் விரல்நுனி அளவு: கீல் முளை, கொக்கியின் வளைவு, முன்கட்டை இரும்பு ஆக்‌ஷனில் உரசும் இடம். பழையதைத் துணியால் துடைத்துவிட்டே புதியதைத் தடவுங்கள். மணலும் மருந்துத் தூளும் கலந்த பழைய கிரீஸ் உப்புத்தாள்போல வேலை செய்யும். கடற்கரை ஊர்களில் சுட்ட அன்றே குழலைத் துடைத்து மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள். தோல் உறைக்குள் வைத்து மூடி அலமாரியில் விடாதீர்கள். தோல் ஈரத்தைக் குடித்துக் குழலுக்கு ஊட்டும். துப்பாக்கியை நிறுத்திவைத்தால் குழல்முனை கீழே இருக்கட்டும். இல்லையென்றால் எண்ணெய் இறங்கிக் கட்டையின் தலைப்பகுதி மரத்தை ஊறவைத்து மெத்தாக்கிவிடும். தாத்தாவின் துப்பாக்கியில் ஆக்‌ஷனை ஒட்டிய மரம் கருத்திருந்தால் காரணம் அதுதான். தோட்டா இல்லாமல் விசையைத் தட்டிப் பார்க்க வேண்டுமானால் ஸ்னாப் கேப் என்ற போலித் தோட்டாவைப் போட்டுத் தட்டுங்கள்.

கடைக்குப் போகும்முன் கிளப்பில் பயிற்சிக்கு வைத்திருக்கும் ஓவர் அண்டரில், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, நாலு ரவுண்டு சுட்டுப் பாருங்கள். ஒரே நாளில் வேண்டாம், இரண்டு நாளாக. முடித்ததும் கண்ணாடியில் கன்னத்தைப் பாருங்கள். கன்ன எலும்பில் சிவந்திருந்தால் கட்டை உங்களுக்கு உயரம் அல்லது குட்டை. தோளில் குழிக்குப் பதில் கையின் மேல்தசையில் கன்றியிருந்தால் நீளம். அந்தத் துப்பாக்கியின் நான்கு அளவுகளை டேப் வைத்து எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள்: விசையிலிருந்து பின்தட்டு, ரிப் கோட்டிலிருந்து கன்ன விளிம்பின் முன்பக்கத் தாழ்வு, பின்பக்கத் தாழ்வு, பக்கவாட்டுச் சாய்வு. அந்தத் தாளோடு கடைக்குப் போங்கள்.